முப்பது நாள் கெடு

நுழையும்முன்

தொடங்கிய போரிலிருந்து படைகளைத் திரும்ப அழைக்கலாமா என்னும் வினா மக்களாட்சி நாடுகளின் அவைகளில் பலமுறை எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு விடை காணத் தம் தலைமையமைச்சர் பதவியையே பிணையாக வைத்தவர் பிரான்சு நாட்டின் பியேர் மெந்தேஸ் பிரான்ஸ். அவர் ஆட்சியிலிருந்த ஏழரை மாதங்களுக்குள்தான் புதுச்சேரியும் இந்தியாவுடன் இணைந்தது. அவருடைய வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

இளமையும் சிறையும்

மெந்தேஸ் 1907ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று பாரிசு நகரில் பிறந்தார். பல தலைமுறைகளுக்கு முன் போர்ச்சுகலிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம் அவருடையது. நாட்டின் பெயரே குடும்பப் பெயரில் அமைந்திருந்தும் அவரை அயலார் என ஏசியவர்கள் வாழ்நாள் முழுவதும் இருந்தனர். சட்டம் பயின்று மிக இளம் வயதிலேயே வழக்குரைஞரானார். 1932இல், தம் 25ஆம் வயதில், நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வவையின் மிக இளைய உறுப்பினர் அவரே. 1935இல் லூவியே என்னும் சிற்றூரின் நகரத் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போரில் அவர் வான்படையில் பணியாற்றினார். 1940இல் பிரான்சு செருமனியிடம் பணிந்தபோது, வட ஆப்பிரிக்காவுக்குச் சென்று போரைத் தொடர விரும்பினார். செருமனிக்கு இணங்கிய விஷி அரசோ, படையைவிட்டு ஓடியவர் என்று அவர்மீது குற்றம் சாட்டி ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1941 ஜூன் மாத இரவொன்றில் அவர் கிளேர்மோன் பெரான் நகரில் காவலிலிருந்து தப்பினார். மதிற்சுவரின் கீழே மரத்தடியில் காதலர் இருவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தமையால், அவர்கள் அகலும்வரை சுவரின்மேலேயே காத்திருக்க நேர்ந்ததைப் பிற்காலத்தில் அவரே நகைச்சுவையுடன் நினைவுகூர்ந்தார். இலண்டனை அடைந்து, குண்டுவீச்சு விமானப் பிரிவில் சேர்ந்து போரிட்டார். ஆகவே, பின்னாளில் போர்நிறுத்தம் வேண்டும் என அவர் பேசியபோது, அவரைப் போருக்கு அஞ்சியவர் என்று கூறுவது எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அவ்வாறு கூறியவர்கள் இருந்தனர்.

தொலைவில் நடந்த போர்

வியட்நாம், லாவோசு, கம்போடியா ஆகிய மூன்றும் பிரெஞ்சு இந்தோசீனம் எனப்பட்டன. 1945இல் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தார். பிரான்சு அதனை ஏற்கவில்லை. 1946 இறுதியில் முழுப்போர் மூண்டது.

இப்போரின் ஓர் இயல்பை இங்கு நாம் கவனிக்க வேண்டும். கட்டாயப் படைப்பணியில் சேர்ந்த பிரெஞ்சு இளைஞர்கள் இந்தோசீனத்துக்கு அனுப்பப்படவில்லை. தொழில்முறைப் படைவீரர்களும் அயல்நாட்டவர் படையணியும் மொராக்கோ, அல்சீரியா, மேற்கு ஆப்பிரிக்க வீரர்களும் வியட்நாமியருமே போரிட்டனர். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சேர்ந்த தமிழர் சிலரும் அப்படையில் இருந்தனர். எனவே, பிரான்சின் பெரும்பாலான வீடுகளில் அப்போர் செய்தித்தாளின் ஒரு மூலையாகவே இருந்தது. மக்கள் அதனை விரும்பவும் இல்லை. அதனை நிறுத்தச் சொல்லி வலிந்து கேட்கவும் இல்லை. அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. போர் மட்டும் நீடித்தது.

1950 அக்டோபரில் சீன எல்லையை ஒட்டிய காவோ பாங் பகுதியில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்டது. அம்மாதம் 19ஆம் நாள் மெந்தேஸ் பேரவையில் எழுந்து பேசினார். அவர் உணர்ச்சியைத் தூண்டவில்லை, கணக்கை எடுத்துரைத்தார். வெற்றிதான் வேண்டுமெனில் படையையும் பணத்தையும் மும்மடங்காக்க வேண்டும். அதற்குப் புதிய வரிகள் வேண்டும். ஐரோப்பாவில் நாட்டின் பாதுகாப்பு குறைவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்விலையைத் தர விருப்பமில்லையெனில், எதிரியோடு நேரடியாகப் பேசி உடன்பாடு காண வேண்டும். போதாத படையை அனுப்பி, வெற்றி வரும் என்று நம்பிக்கையூட்டும் மூன்றாம் வழி வெறும் ஏமாற்று என்பது அவர் வாதம்.

மறுதரப்பின் வாதங்களையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. இறந்த வீரர்களின் ஈகம் வீணாகலாமா என்று கேட்டனர். பிரான்சை நம்பித் துணைநின்ற வியட்நாமியரைக் கைவிடலாமா என்றனர். இந்தோசீனம் போனால் வட ஆப்பிரிக்காவும் போகும் என அஞ்சினர். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில், பொதுவுடைமை இயக்கத்துக்கு எதிரான உலகப் போராட்டத்தின் ஒரு முனையே இந்தோசீனம் என்றும் கூறினர். இவ்வாதங்களில் அரசியல் தன்னலமும் இருந்தது. உண்மையான கவலையும் இருந்தது. மெந்தேசின் பக்கம் அன்று நின்றவர் சிலரே. அமெரிக்கப் பணம் பெருகிவர, தேர்ந்தெடுக்கும் கட்டாயம் தள்ளிப்போயிற்று.

1953 ஜூனில் தலைமையமைச்சர் பதவிக்கு மெந்தேஸ் முன்மொழியப்பட்டார். 314 வாக்குகள் தேவைப்பட, அவர் பெற்றவை 301. பதின்மூன்று வாக்குகளால் வாய்ப்பு நழுவியது. அவ்வோராண்டில் எத்தனை உயிர்கள் போயின என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கெடு

1954 மார்ச் 13 அன்று தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் அமைந்த பிரெஞ்சுப் பாசறையை வியட் மின் படை தாக்கத் தொடங்கியது. மலைமீது ஏற்றப்பட்ட பீரங்கிகள் வானூர்தித் தளத்தை முடக்கின. மே 7 அன்று பாசறை வீழ்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். மறுநாள் ஜெனீவா மாநாடு இந்தோசீனம் பற்றிய பேச்சைத் தொடங்கியது. வாரங்கள் கடந்தும் முன்னேற்றமில்லை. ஜூன் 12 அன்று பிரெஞ்சு அரசு கவிழ்ந்தது.

ஜூன் 17 அன்று மெந்தேஸ் பேரவையின் முன் நின்றார். ஜூலை 20ஆம் நாளுக்குள் போர்நிறுத்தம் காண்பேன், இயலாதுபோனால் பதவி விலகுவேன் என்று உறுதி கூறினார். பொதுவுடைமைக் கட்சியினர் தம்மை ஆதரித்து வாக்களித்தாலும் அவ்வாக்குகளைக் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்றும் அறிவித்தார். எதிரியின் தோழர்களால் பதவியில் நிற்பவர் எதிரியோடு பேச இயலாது என்பது அவர் கருத்து. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் வாக்கை இவ்வாறு ஒதுக்குவது முறையா என்பது வேறு வினா. 419 பேர் ஆதரித்தனர். 47 பேர் எதிர்த்தனர். பொதுவுடைமையர் வாக்குகளைக் கழித்தபோதும் 314ஐவிட மிகுதியாகவே எஞ்சின.

கெடு குறிப்பவர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்கிறார்; எதிரி நாளைக் கடத்தினால் போதுமே என்று பலர் குறைகூறினர். மெந்தேஸ் அதற்கும் விடை வைத்திருந்தார். ஜூலை 7 அன்று, கெடுவுக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால், பதவி விலகுமுன் கட்டாயப் படைப்பணி இளைஞர்களை இந்தோசீனத்துக்கு அனுப்பும் சட்டத்தைப் பேரவையில் முன்மொழிவதாக அறிவித்தார். போரை முடிக்க வந்தவரே போரை விரிவாக்க ஆயத்தமானது முரண்போலத் தோன்றும். 1950இல் அவர் சொன்ன இரு வழிகளில் முதலாவதே இது. அதுவரை தொலைவிலிருந்த போர் அன்றுதான் ஒவ்வொரு பிரெஞ்சு வீட்டின் வாயிலுக்கும் வந்தது எனலாம்.

வெளியுறவுத் துறையையும் தாமே ஏற்று, சீனத் தலைமையமைச்சர் சூ என் லாயைச் சந்தித்தார். வியட் மின் சார்பில் வந்த பாம் வான் தோங்கோடு நேரில் பேசினார். வியட்நாமைத் தற்காலிகமாகப் பிரிக்கும் கோடு எங்கே அமைவது, நாடு தழுவிய தேர்தல் எப்போது நடப்பது என்னும் இரண்டிலுமே இழுபறி நீடித்தது. கெடுவின் இறுதி நாளில் சோவியத்து அமைச்சர் மொலோட்டோவ் 17ஆம் அகலக்கோட்டையும் ஈராண்டு இடைவெளியையும் முன்வைக்க, உடன்பாடு கனிந்தது. அவ்வேளையில் கம்போடியப் பேராளர் தம் நாட்டின் உரிமைக்காக நள்ளிரவு கடந்தும் கையெழுத்திட மறுத்தார். மாநாட்டு மண்டபத்தின் கடிகாரங்களை நிறுத்திவைத்தனர் என்று ஒரு கதை உண்டு. ஜூலை 21 விடியற்காலையில் ஒப்பமிடப்பட்ட போர்நிறுத்த ஆவணங்கள் ஜூலை 20 என்னும் நாளையே தாங்கின. அவற்றின் நிறைவேற்றத்தை மேற்பார்வையிட அமைந்த பன்னாட்டு ஆணையத்துக்கு இந்தியா தலைமை தாங்கியது.

தெரிந்து தெளிவோம்

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் 178 மக்கள் பேராளர்கள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். அக்டோபர் 21இல் இந்தியாவும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டன. நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றின் ஆட்சிப்பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான முழு இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது.

அதே நவம்பர் முதல் நாள்

புதுச்சேரியில் மூவண்ணக் கொடி ஏறிய அதே நாளில், அல்சீரியாவில் விடுதலைப் போராளிகள் தாக்குதலைத் தொடங்கினர். மெந்தேஸ் இங்கு வேறு மனிதராகத் தோன்றினார். அல்சீரியா பிரான்சின் பகுதியே, பிரிவினைக்கு இடமில்லை என்று பேரவையில் உறுதிபடப் பேசிக் கூடுதல் படைகளை அனுப்பினார். அல்சீரியாவில் பத்து இலட்சம் அளவில் ஐரோப்பியர் குடியேறி வாழ்ந்தனர். சட்டத்திலும் அது பிரான்சின் மாவட்டங்களாகவே இருந்தது. இக்காரணங்களைச் சொல்லலாம். இந்தோசீனத்தில் துணிந்து போட்ட கணக்கை அவர் அங்கே உடனே போடவில்லை என்பதும் உண்மை.

அவர் வாரந்தோறும் வானொலியில் மக்களிடம் பேசினார். மதுப்பழக்கத்தை எதிர்த்துப் பள்ளிகளில் பால் வழங்கச் செய்தார். பேரவையிலேயே பால் அருந்திக் கேலிக்கும் ஆளானார். வட ஆப்பிரிக்கக் கொள்கை பற்றிய விவாதத்தின் முடிவில், 1955 பிப்ரவரி 5இல், அவர் அரசு கவிழ்ந்தது. ஓராண்டுக்குப்பின் மீண்டும் அமைச்சரானார். அல்சீரியாவில் அடக்குமுறை பெருகுவதைக் கண்டு 1956 மே மாதத்தில் பதவியைத் துறந்தார். 1958இல் தெகோல் ஆட்சிக்கு வந்த முறையை எதிர்த்து, அவ்வாண்டுத் தேர்தலில் தம் தொகுதியையும் இழந்தார்.

ஜெனீவாவில் 1956ஆம் ஆண்டுக்குக் குறித்த தேர்தல் வியட்நாமில் நடைபெறவேயில்லை. அவ்வாண்டில் பிரெஞ்சுப் படையின் எஞ்சிய பிரிவுகள் வெளியேறின. அவ்விடத்தை அமெரிக்கா நிரப்பியது. மேலும் நீண்ட, கொடிய போர் தொடர்ந்தது. மெந்தேஸ் அதையும் கண்டார். 1982 அக்டோபர் 18 அன்று, பாரிசில், தம் எழுதுமேசையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது.