காவலூரில் கண் திறந்தவர்

சென்ற பருவத் தேர்வு முடிந்த மறுவாரம் நாங்கள் நால்வர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு தொலைநோக்கி வாங்கினோம். எட்டு அங்குலக் கண்ணாடி கொண்டது. குழாய் மட்டும் ஓர் ஆள் உயரம் இருக்கும். அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பௌதிகம் படிக்கிறவர்கள் என்ற பெருமையெல்லாம் முதல் இரவிலேயே கழன்றுபோயிற்று. சனிக் கோளை நோக்கித் திருப்பினோம். நீரில் கரைந்த வெல்லம் போல ஏதோ ஒன்று நெளிந்தது. அறைச் சூட்டோடு இருந்த கண்ணாடி, வெளிக் காற்றின் குளிர்ச்சிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் என்பது புத்தகத்தில் இருந்தது. நாங்கள்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. இரண்டாம் இரவு மேகம். மூன்றாம் இரவில் வளையம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மையார் மேலே வந்து பார்த்துவிட்டு, கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கும் பேச்சு எழவில்லை.

அந்த இரவுதான் வைணு பாப்புவைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. நாம் இருக்கும் இதே பெங்களூரில், கோரமங்கலாவில், அவர் உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. அதன் வாயில் வழியாகப் பேருந்தில் போய்வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவோம்?

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பம் மலையாளக் குடும்பம், வளர்ந்தது ஐதராபாத்தில். தந்தையார் அங்கே நிஜாமியா வானாய்வகத்தில் பணி செய்தார். ஆகவே மற்றப் பிள்ளைகள் பம்பரம் சுற்றிய வயதில் இவருக்குத் தொலைநோக்கி விளையாட்டுப் பொருளாயிற்று. கல்லூரியில் படிக்கும்போதே ஒளி மாறும் விண்மீன்களைக் கவனித்து ஆராய்ச்சிக் குறிப்புகள் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின், ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சென்றார்.

சென்ற சில திங்களில், 1949 ஜூலை 2ஆம் நாள், அவர் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு புதிய வால்மீன் சிக்கியது. பேராசிரியர் பாக், உடன் பயின்ற நியூகிர்க் ஆகியோரின் பெயர்களோடு சேர்ந்து, பாப்பு - பாக் - நியூகிர்க் வால்மீன் என்று அதற்குப் பெயராயிற்று. அது ஒரு சுற்று முடித்து மீண்டும் வர ஏறக்குறைய 60,000 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை. இருபத்து மூன்றில் தொலைநோக்கியின் பக்கத்தைப் படிக்காமல் விட்ட நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

1952இல் டாக்டர் பட்டம். பிறகு கார்னகி உதவித்தொகை பெற்றுப் பாலோமர் மலைக்குப் போனார். அன்று உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி நின்ற இடம் அது. அங்கே ஆலின் வில்சன் என்ற அறிஞரோடு அவர் கண்டறிந்த உண்மைதான் இன்றும் பாடப் புத்தகத்தில் நிற்கிறது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்துக்குரிய இருண்ட கோடு ஒன்று உண்டு. அந்த இருளின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு எழும். அது எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அந்த விண்மீன் இயல்பிலேயே ஒளி மிகுந்தது. இயல்பான ஒளி தெரிந்தால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டு, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். விளக்கின் திரியைப் பார்த்தே ஊரின் தூரத்தைச் சொல்வது போல! 1957இல் வெளிவந்த இதற்கு வில்சன் - பாப்பு விளைவு என்று பெயர்.

ஆனால் அந்தக் கட்டுரை அச்சாகும் முன்பே, 1953இல், அவர் இந்தியா திரும்பிவிட்டார். இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். என் மேசையிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பம் பாதி நிரப்பிய நிலையில் கிடக்கிறது. பாலோமர் மலையை விட்டு, ஒரு மீட்டர்த் தொலைநோக்கிகூட இல்லாத நாட்டுக்கு ஒருவர் ஏன் வந்தார்? வந்தவருக்கு உடனே வேலையும் கிடைக்கவில்லை. 1954இல் வாரணாசியில் இருந்த உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகத்தை நடத்தும் பொறுப்பு வந்தது. பின்னர் அதை நைனிதாலுக்குக் கொண்டுபோனார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைவரானார்.

கொடைக்கானல் கதிரவனை ஆராய நல்ல இடம். ஆனால் இரவு வானத்துக்கு வேறிடம் வேண்டும் என்று அவர் தேடினார். நகர வெளிச்சம் எட்டக்கூடாது, தென்வானமும் தெரியவேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூர் அகப்பட்டது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே மலையேற வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகை அளவில் இருப்பதால், வடநாட்டு வானாய்வகங்களுக்கு எட்டாத தென்வான விண்மீன்கள் அங்கே நன்றாக உயர்ந்து வரும். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் அங்கே வேலை தொடங்கியது. சுற்றிலும் காடு. இன்றும் காடுதான், நான் போயிருக்கிறேன்.

1972இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்திலிருந்து ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. புதுத் தொலைநோக்கியின் முதல் இரவுகளை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று முன்பே சொன்னேன். அவர்கள் கழித்த விதத்தைக் கேளுங்கள். அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் வியாழனின் நிலாவாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. அந்த மறைப்பை அளந்து, அந்நிலாவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்குக் குறி கண்டார்கள். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் வந்து சேரும் முன்பே விண்மீனின் ஒளி ஒருமுறை மங்கியதைக் காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் பதிவு செய்தனர். முதலில் அது புதிய நிலா என்றே எண்ணினார்கள். வானூர்தியில் பறந்து பார்த்த அமெரிக்கக் குழு அதே இரவு கண்டது பல மங்கல்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அப்படித்தான். முதல் கணிப்பில் சற்றுத் தவறினாலும், அளவு அளவுதான். அதை யாரும் மறுக்கவில்லை.

இதற்கிடையே 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. அதன் தலைமையிடம் பின்னர் பெங்களூருக்கு வந்தது. பாப்புவின் மனமெல்லாம் அடுத்த கனவில் இருந்தது. 2.34 மீட்டர்த் தொலைநோக்கி. அதை வாங்கக்கூடாது, நாமே செய்ய வேண்டும். கண்ணாடிக் கட்டி மட்டும் வெளியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது இதே பெங்களூரில், ஜெயராஜன் தலைமையிலான குழு. ஒளியலையின் நீளத்தில் சிறு பின்னம் அளவுக்குமேல் மேடு பள்ளம் இருக்கக்கூடாது. தேய்ப்பதும், சோதிப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக ஆண்டுகள் சென்றன. எங்கள் எட்டு அங்குலத்தைப் போல் 130 மடங்குக்கு மேல் ஒளி திரட்டும் கண்ணாடி அது.

1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1981இல் பத்மபூஷண் விருது. 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பாட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் மாநாடு கூடியது. தலைமை தாங்க வேண்டியவர் வரவில்லை. இதய அறுவைக்காக மியூனிக் நகரில் இருந்த அவர், மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 19ஆம் நாள் காலமானார். ஐம்பத்தைந்து வயது நிரம்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தொலைநோக்கி முடிந்திருக்கவில்லை. தாம் திட்டமிட்ட அந்தப் பெருங்கண்ணாடி வழியாக ஒரு விண்மீனைக்கூட அவர் பார்க்கவில்லை. தோழர்கள் முடித்தார்கள். 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அப்போது ஹாலி வால்மீன் கதிரவனை நெருங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் நாங்கள் மாடியிலிருந்து யுரேனஸைத் தேடினோம். கார்த்திகை மீன்களுக்குத் தெற்கே சற்றுத் தள்ளி நின்றது. நகர வெளிச்சத்தில் வானம் வெளிறிக் கிடந்ததால் முக்கால் மணி நேரம் பிடித்தது. நீலமும் பச்சையும் கலந்த ஒரு சிறு பொட்டு. வளையம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதென்று அறிந்தே நால்வரும் மாறி மாறிப் பார்த்தோம். விண்ணப்பத்தை இன்னும் நிரப்பவில்லை. கடைசி நாள் இம்மாதம் முப்பது.