வேத வார்த்தைகளுக்கு எண் கொடுத்தவர்



ஊழியக்காரர் பலருடைய மேஜையில் தலையணை மாதிரி ஒரு புத்தகம் இருக்கும்: ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ். அதைத் தொகுத்த ஜேம்ஸ் ஸ்ட்ராங் அபிஷேகம் பெற்ற போதகர் அல்ல. மெதடிஸ்ட் சபையின் ஒரு சாதாரண விசுவாசி!

1822-ல் நியூயார்க்கில் பிறந்தார். 1844-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு சரீர பெலவீனம். ஃபிளஷிங் என்ற ஊரில் தங்கி எபிரெயம், கிரேக்கம் படித்தார். நடுவிலே அந்த ஊருக்கு ரயில் பாதை போடும் வேலையையும் முன்நின்று நடத்தினார். 1868 முதல் ட்ரூ இறையியல் கல்லூரியில் பேராசிரியர்.

கன்கார்டன்ஸ் வேலை ஏறக்குறைய 35 வருஷம். நூறு பேருக்கு மேல் கூட உழைத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கையால்தான். 1890-ல் வெளிவந்தது. ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் ஒரு வார்த்தையும் விடுபடவில்லை. ஒவ்வொரு மூல வார்த்தைக்கும் ஓர் எண்: எபிரெயத்தில் (அரமேயுவும் சேர்த்து) 8674, கிரேக்கத்தில் 5624 வரை. கிரேக்கத்தில் 3203 முதல் 3302 வரை தேடினால் கிடைக்காது, அந்த எண்களே விடுபட்டவை. வசனத்தின் ஓரத்திலுள்ள எண்ணைப் பார்த்துப் பின்பக்க அகராதிக்குப் போக வேண்டும். கிரேக்க எழுத்து தெரியாத விசுவாசிக்கும் கதவு திறந்தது.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். யோவான் 21-ல் இயேசு பேதுருவிடம் கேட்கும்போது ஆங்கிலத்தில் மூன்று தடவையும் ஒரே 'லவ்'. எண்ணைப் பார்த்தால் 25, 5368 என்று இரண்டு வார்த்தைகள். நம்ம தமிழ் வேதாகமமும் அன்பு, நேசம் என்று பிரித்தே சொல்லுகிறது. உடனே 25 தெய்வீக அன்பு, 5368 வெறும் நட்பு என்று பிரசங்கம் பண்ணுகிறோம். அதே கன்கார்டன்ஸை இன்னும் கொஞ்சம் புரட்டுங்கள். பிதா குமாரனை நேசிப்பதற்கு யோவான் 3:35-ல் 25, 5:20-ல் 5368! பிதாவின் அன்பை வெறும் நட்பு என்போமா?

அப்போஸ்தலர் 1:8-ன் பெலன், எண் 1411, டைனமைட் வெடி என்று சொல்றதும் இப்படித்தான். நோபெல் அந்த வெடிக்குப் பெயர் வைத்தது 1867-ல். லூக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அகராதி நாலு அர்த்தம் காட்டும்; எது பொருந்தும் என்பதை வசனத்தின் சூழல்தான் சொல்லும்.

ஸ்ட்ராங் 1893 வரை ட்ரூவில் கற்பித்தார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ரவுண்ட் லேக்கில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இன்று கைபேசி வேதாகமங்களிலும் ஓடுவது அவர் போட்ட எண்களே.