தொழிலாளர் தோழர் திரு.வி.க.

பூவிருந்தவல்லிச் சாலையில் போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில், 1883 ஆகஸ்டு 26 அன்று விருத்தாசலனார், சின்னம்மாள் இணையர்க்கு மகனாகப் பிறந்தவர் திரு.வி. கலியாணசுந்தரனார். அவ்வூர் இன்று தண்டலம் என வழங்கப்படுகிறது. சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய அவர், 1917-இல் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார்.

அந்நாளில் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோர்க்கு முறையிட ஓர் அமைப்பில்லை. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். ஆங்கிலமே அரசியல் மேடைகளை ஆண்ட காலத்தில், உரிமையையும் கூலியையும் பற்றி ஆலைத் தொழிலாளர்க்குத் தமிழிலேயே விளக்கினார் அவர். புதிய கருத்துகளுக்குச் சொல் தேடுவது புலவர்க்கும் எளிதன்று. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமையால் நிறுவனம் சங்கத் தலைவர்கள்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. பாதுகாப்பளிக்கும் சட்டம் 1926-இல்தான் பிறந்தது.

1921-இல் நடந்த வேலைநிறுத்தம் பல திங்கள் நீண்டது. ஆளுநர் வெலிங்டன் நாடு கடத்துவதாக அச்சுறுத்தியும் திரு.வி.க. பின்வாங்கவில்லை. ஆயினும் தொழிலாளரிடையே மூண்ட சாதிப்பகை போராட்டத்தைக் குலைத்தது. ஆலை முதலாளிகளின் வலிமையினும் அப்பிளவே சங்கத்திற்குப் பெருங்கேடாயிற்று எனலாம்.

அயலவர் ஆட்சி அச்சுறுத்தலோடு நின்றது. அவர் பாடுபட்டு வளர்த்த காங்கிரசின் ஆட்சியோ, 1947-இல் ஆலைப் போராட்டத்தின்போது, அறுபதைக் கடந்த அவரை வீட்டுக்காவலில் வைத்தது. பின்னாளில் கண்ணொளி மங்கியபோதும் தாம் சொல்லப் பிறர் எழுத, நூல்கள் பல இயற்றினார். 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார்.