மகனைச் சிறையில் அடைத்த காழி

உங்கள் பிள்ளை தப்பு செய்துவிட்டான் என்று யாராவது வாசலில் வந்து நின்றால் நம்மில் பலருக்கு உடனே கோபம் வருகிறது. பிள்ளை மீது அல்ல, சொல்ல வந்தவர் மீது. விஷயம் உண்மை என்று தெரிந்த பிறகும் வெளியே தெரியாமல் மூடி மறைக்கப் பார்க்கிறோம். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அது பாசம்தானா என்பதைக் காழி ஷுரைஹ் (ரஹ்) அவர்களின் வாழ்க்கையிலிருந்து பார்ப்போம்.

ஷுரைஹ் இப்னுல் ஹாரிஸ் (ரஹ்) அவர்கள் யமன் நாட்டின் கிந்தா கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாழ்ந்தும், நேரில் சந்திக்கும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எனவே தாபிஈன்களில் ஒருவராக எண்ணப்படுகிறார்கள்.

அவர்கள் காழியானதே ஒரு குதிரை வழக்கால்தான். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரை வாங்கி ஏறிச் சென்றார்கள். சற்றுத் தூரத்தில் குதிரைக்குக் குறை ஏற்பட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது விற்றவர் வாங்க மறுத்தார். ஷுரைஹ் (ரஹ்) அவர்களை நடுவராக்கலாம் என்றும் அவரே சொன்னார். வாங்கும்போது குதிரை நல்ல நிலையில் இருந்ததா என்று கேட்டறிந்த ஷுரைஹ் (ரஹ்), வாங்கியதை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். வியந்துபோன உமர் (ரலி) அவர்களைக் கூஃபா நகரின் காழியாக அனுப்பினார்கள். சுமார் 60 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்து, ஹஜ்ஜாஜின் காலத்தில் தாமாகவே விலகினார்கள்.

கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதைவிடக் கடினம், பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சொல்வது. ஒருநாள் அவர்களுடைய மகன் வந்து, சிலரோடு தனக்குள்ள தகராறை விவரித்தார். நியாயம் தன் பக்கம் என்றால் வழக்குத் தொடுப்பதாகவும், இல்லையென்றால் சமாதானமாகப் போவதாகவும் சொன்னார். வழக்குத் தொடுக்கும்படி தந்தை சொன்னார்கள். மகனும் அப்படியே செய்தார். தீர்ப்போ அவருக்கு எதிராக வந்தது!

வீட்டுக்கு வந்ததும் மகன் மனம் நொந்தார். முன்கூட்டிக் கேட்டும் இப்படி அவமானப்படுத்திவிட்டீர்களே என்று வருந்தினார். பூமி நிறைய அவர்களைப் போன்றோர் இருந்தாலும் அவர்களைவிட மகனே தமக்குப் பிரியமானவர், ஆனால் மகனைவிட அல்லாஹ் பெரியவன் என்று தந்தை விளக்கினார்கள். நியாயம் எதிர்த்தரப்பில் என்று முன்பே சொல்லியிருந்தால், மகன் அவர்களிடம் சமாதானம் பேசி அவர்களது உரிமையில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டிருப்பார். அதைத்தான் அவர்கள் அஞ்சினார்கள்.

இன்னொரு முறை மகன் ஒருவருக்கு ஜாமீன் நின்றார். காழியாக அதை ஏற்றுக்கொண்டவர்களும் தந்தைதான். ஜாமீன் பெற்றவர் ஓடிப்போனார். அவருக்குப் பதிலாகத் தம் மகனையே ஷுரைஹ் (ரஹ்) சிறையில் அடைத்தார்கள். பிறகு மகனுக்கான சாப்பாட்டைத் தாமே சிறைக்குச் சுமந்து சென்றார்கள். தண்டனையை நிறுத்தவில்லை, தகப்பனாக இருப்பதையும் நிறுத்தவில்லை.

சின்ன வயதுப் பிள்ளையிடமும் இதே வழிதான். விளையாட்டில் ஆசை கொண்ட ஒரு மகன் பாடத்துக்குப் போகாமல் நாய்களோடு விளையாடப் போய்விட்டான். வந்ததும் தொழுதாயா என்று கேட்டார்கள். இல்லை என்றான். ஆசிரியருக்கு உடல் சுகமில்லை என்று சாக்குச் சொல்லி அனுப்பவில்லை. நடந்ததைக் கவிதையாக எழுதி, அந்த மகன் கையிலேயே கொடுத்து ஆசிரியரிடம் அனுப்பினார்கள். கண்டிக்கச் சொன்ன அதே கடிதத்தில் கண்டிப்புக்கு எல்லையும் வைத்தார்கள். எவ்வளவு வருத்தம் தந்தாலும் தமக்கு மிகப் பிரியமானவன் அவன்தான் என்றும் எழுதினார்கள்.

ஒரு சந்தேகம் எழலாம். பிறர் குறையை மறைப்பது இஸ்லாம் புகழும் குணமாயிற்றே! உண்மைதான். ஒருவனுக்கும் அவன் ரப்புக்கும் இடையிலான பாவத்தைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது. பிள்ளையின் குறையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிவதும் தவறுதான். ஆனால் இன்னொரு மனிதரின் பொருளோ உடலோ மானமோ பாதிக்கப்பட்டிருந்தால், அங்கே மறைப்பது பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது அநீதி. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பருவமடையாத பிள்ளை மீது பாவம் எழுதப்படாது. ஆனால் அது உடைத்த பொருளுக்கான ஈடு தள்ளுபடி ஆகிவிடாது என்பது ஃபிக்ஹ் சட்டம்.

பிள்ளை எடுத்து வந்த பேனாவை நாம் மறைத்தால், மறைக்க ஆள் இருக்கிறது என்பதையே அது கற்றுக்கொள்ளும். அதன் கையைப் பிடித்து அழைத்துப்போய், உரியவரிடம் கொடுக்க வைத்து, மன்னிப்புக் கேட்க வைப்போம். திரும்பி வரும் வழியில் அணைத்துக்கொள்வோம்.

நம் பிள்ளைகளை நேசிப்பதிலும் நீதி தவறாதிருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.