வைரத்தையும் அறக்கட்டளைக்கே எழுதிவைத்த தோராப்ஜி டாடா

மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் புற்றுநோயாளிகள் நாள்தோறும் வருகின்றனர். அந்த மருத்துவமனை உருவாகக் காரணமானது, பிள்ளைப்பேறு இல்லாத ஒரு தொழிலதிபர் தம் மறைவுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன் ஏற்படுத்திய அறக்கட்டளை. அவர் சர் தோராப்ஜி டாடா.

ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகனாக 1859 ஆகஸ்ட் 27 அன்று பிறந்த தோராப்ஜி, கேம்பிரிட்ஜிலும் பின்னர் மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியிலும் பயின்றார். சிறிது காலம் செய்தியாளராகவும் பணியாற்றினார். 1904-ல் தந்தை மறைந்தபோது இரும்பாலை, நீர்மின் நிலையம், அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் திட்ட நிலையிலேயே இருந்தன. அறிவியல் கழகத்துக்குத் தம் சொத்தில் பாதியைத் தருவதாக ஜாம்ஷெட்ஜி அறிவித்திருந்தார். அச்சொத்து மகன்களுக்கு வந்திருக்க வேண்டியது. எனினும் தோராப்ஜியும் தம்பி ரத்தனும் தந்தையின் வாக்கைக் காத்தனர். பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம் 1909-ல் நிறுவப்பட்டது.

இரும்பாலையை நிலைநிறுத்துவது அத்தனை எளிதாக இருக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய விலைவீழ்ச்சியால், 1924-ல் தொழிலாளர்களுக்கு ஊதியம் வழங்கவே பணம் இல்லாத நிலை ஏற்பட்டது. தோராப்ஜி தம் சொந்தச் செல்வம் முழுவதையும் இம்பீரியல் வங்கியில் அடகு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். மனைவி மெஹர்பாய்க்கு அவர் பரிசளித்த ஜூபிலி வைரமும் அதில் அடங்கும். 245 காரட் எடையுள்ள அந்த வைரம், கோஹினூரைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. ஆலை மீண்டது, அடகும் மீட்கப்பட்டது.

1931-ல் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அந்நோய் குறித்த ஆராய்ச்சிக்காக மனைவி பெயரில் ஒரு நிதியத்தை ஏற்படுத்திய தோராப்ஜி, 1932 மார்ச்சில் தம் பெயரிலான அறக்கட்டளையை நிறுவினார். டாடா சன்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் பங்குகள், நிலபுலன்கள், ஜூபிலி வைரம் உட்பட மனைவியின் நகைகள் என அனைத்தும் அதற்கே சென்றன. அவற்றின் மதிப்பு அன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். இடம், நாடு, மதம் என்ற வேறுபாடின்றி உதவ வேண்டும் என்பது அவர் விதித்த நெறி.

தர்மத்துக்குப் பணத்தை ஒருமுறை அள்ளிக் கொடுத்தால் அது செலவாகிவிடும். நிறுவனப் பங்குகளையே அறக்கட்டளையிடம் ஒப்படைத்தால், ஆண்டுதோறும் கிடைக்கும் ஈவுத்தொகை அறப்பணிக்குப் பயன்படும், முதல் கரையாது. தம்பி ரத்தனின் மறைவுக்குப் பின் 1919-ல் அவர் பெயரிலும் அறக்கட்டளை அமைந்திருந்தது. இன்று டாடா சன்ஸ் பங்குகளில் ஏறத்தாழ 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகள் வசம் உள்ளது. இம்முறையில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. தொழில் நலிந்தால் தர்மமும் நலியும். 1924-ல் ஆலை மூழ்கியிருந்தால் எழுதிவைக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

மனைவியின் கல்லறையைக் காண ஐரோப்பா சென்ற தோராப்ஜி, 1932 ஜூன் 3 அன்று ஜெர்மனியில் காலமானார். இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் மெஹர்பாயின் அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அறக்கட்டளை 1936-ல் சமூகப்பணிக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்துக்கும் துணைநின்றது. அதற்காக விண்ணப்பித்த ஹோமி பாபா, மெஹர்பாயின் உடன்பிறந்தார் மகன். உறவினருக்கு உதவியதாக எவரேனும் முணுமுணுத்திருந்தாலும், அக்கழகத்தின் பணியே அதற்குப் பதிலாக அமைந்தது.

ஜூபிலி வைரமும் விற்கப்பட்டது. அத்தொகையின் ஒரு பகுதி, 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்குப் பயன்பட்டது. அம்மருத்துவமனை 1957-ல் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கி வருகிறது.