இராபர்ட் புரூஸ் ஃபூட்

இராபர்ட் புரூஸ் ஃபூட் (22 செப்டம்பர் 1834 – 29 டிசம்பர் 1912) பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தமையால் இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வின் தந்தை என அழைக்கப்படுகிறார். பெரும்பாலான பாடநூல்கள் இவரைக் கற்கருவி தேடியவராக மட்டுமே காட்டுகின்றன. ஆனால் அக்கருவிகள் புதைந்த மண் எந்தத் தட்பவெப்பத்தில் உருவானது, அதை எந்த நீர் கொண்டுவந்து சேர்த்தது என்னும் வினாக்களையும் இவர் விடாது ஆராய்ந்தார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் செல்டன்காம் நகரில் பிறந்த ஃபூட், 1858 டிசம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியமர்த்தப்பட்டார். இவரது மனைவி, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு இணைந்து விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட பீட்டர் பெர்சிவலின் மகள் ஆவார். 1891-இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமத்தானங்களுக்காகவும் நிலவியல் பணி செய்தார்.

பல்லாவரமும் அத்திரம்பாக்கமும்

1863 மே 30 அன்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பல்லாவரத்தில் படை அணிவகுப்புத் திடலை ஒட்டியிருந்த சரளைக் குழியில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட குவார்ட்சைட்டுக் கல் ஒன்றை ஃபூட் கண்டார். பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் மிகத் தொன்மையானவை என்று 1859-இல் தான் ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றிருந்தனர். அச்செய்தியை அறிந்திராத ஒருவர் இக்கல்லைக் கடந்து சென்றிருக்கக்கூடும். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர். இவ்வூர் தற்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

செம்புரைக்கல்லும் கடலும்

கருவிகள் கிடைத்த படிவு செம்புரைக்கல் ஆகும். சென்னையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் இச்செந்நிறப் படிவு ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது என ஃபூட் 1866-இல் வெளியான தமது கட்டுரையில் கருதினார். அவரது விளக்கத்தின்படி, அக்காலத்தில் நிலம் தாழ்ந்து கடல் உட்புகுந்திருந்தது. இன்றைய குன்றுகள் தீவுகளாக நின்றன. அங்கு வாழ்ந்தோரின் கருவிகள் நீரில் அடித்துச் செல்லப்பட்டன.

இக்கருத்து நிலைக்கவில்லை. இத்தகைய படிவில் கடற்சிப்பிகள் கிடைக்காதது அதற்கு எதிரான வலுவான சான்றாகும். வெப்பமும் மழையும் மிகுந்த, ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் தட்பவெப்பத்தில் பாறை சிதைந்து, கரையக்கூடியவை நீங்க, இரும்பும் அலுமினியமும் எஞ்சுவதால் செம்புரைக்கல் உருவாகிறது என்பதே இன்றைய விளக்கம். அவ்வாறு சிதைந்த பொருளை ஓடைகளும் ஆறுகளும் அடித்துச் சென்று சரளையாகப் பரப்பின. எனினும் கடலின் எல்லை நிலையானதன்று என்ற அளவில் ஃபூட் பிழைபடவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. அப்போது மாமல்லபுரத்தின் கடற்கரை பல கிலோமீட்டர் கிழக்கே விலகியிருந்தது. (மாமல்லபுரத்தில் கடல்கொண்ட கோயில்கள் பற்றிய மரபுச் செய்திகளை இதனோடு இணைத்தல் பொருந்தாது; பனியுகத்தின் கடல் ஏற்றம் பல்லவர் காலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டது.)

பிற கண்டுபிடிப்புகள்

கோகாக் பகுதியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு அழிந்துபட்ட காண்டாமிருக இனம் ஒன்றை ஃபூட் 1874-இல் விவரித்தார். இன்று வறண்டு காணப்படும் தக்காணத்தில் அத்தகைய விலங்கு வாழ நீரும் பசுமையும் இருந்திருக்க வேண்டும். 1884-இல் கர்நூல் பகுதியின் பில்லா சுர்கம் குகைகளைத் தம் மகனுடன் அகழ்ந்து மேலும் பல விலங்கு எலும்புகளை வெளிக்கொணர்ந்தார்.

குசராத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் இவர் கண்டது இன்னும் சிறப்பானது. அங்குப் பழைய கற்காலக் கருவிகள் அடியிலும், புதிய கற்காலத் தடயங்கள் மேற்பரப்பிலும் இருந்தன. இடையில் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் சுமார் 200 அடி தடிப்பில் கிடந்தது. இவ்விரு காலங்களுக்கும் இடையே நெடிய இடைவெளி உண்டென ஃபூட் இதனைக் கொண்டு வாதிட்டார். நீரால் அன்றிக் காற்றால் குவிந்த மண் வறட்சிக் காலத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

பிற்கால ஆய்வுகள்

ஃபூட்டிடம் ஆண்டுக்கணக்கில் காலத்தை அளக்கும் முறை எதுவும் இருக்கவில்லை. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் மேற்கொண்ட அகழாய்வில், அடியிலுள்ள களிமண் அடுக்குகள் ஆற்றுவெள்ளத்தால் படிந்தவை எனத் தெரியவந்தது. அங்குக் குதிரை, மாட்டினங்களின் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. இவை ஈரம் நிறைந்த திறந்த வெளியைச் சுட்டுகின்றன. 2011-இல் இக்குழு வெளியிட்ட முடிவின்படி அங்குள்ள அச்சூலியன் கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் ஆகும். மண்ணில் பதிந்த பண்டைய காந்தத் திசையையும், புதைந்த கற்களில் அண்டக்கதிர்களால் உருவான தனிமங்களின் அளவையும் கொண்டு இது கணிக்கப்பட்டது. அங்கு இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாக 2018-இல் இதே ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

இறுதிக்காலம்

ஃபூட் ஏற்காட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார், கொல்கத்தாவில் இறந்தார். ஏற்காடு திருத்துவ ஆலயத்தில் இவரது நினைவுச்சின்னம் உள்ளது. இவர் திரட்டிய கருவிகளை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடத்தைக் குறித்து இவரே எழுதிய அட்டவணை, இவரது மறைவுக்குப் பின் 1914-இலும் 1916-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது.