எமிலி ஜோலாவின் கடைசி இரவு

பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலாவை நம்மில் சிலர் படித்திருப்போம், பலர் பெயராவது கேள்விப்பட்டிருப்போம். 1840-ல் பாரிசில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து வந்து பொறியாளராக இருந்த அப்பா, மகனுக்கு ஏழு வயது நிறையும் முன்பே காலமானார். அதன்பின் வறுமைதான். பள்ளி இறுதித் தேர்வில் தோற்று, ஒரு பதிப்பகத்தில் பார்சல் கட்டும் வேலையில் சேர்ந்து, எழுதி எழுதியே மேலே வந்தார்.

1884-ல் வடபிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அடுத்த ஆண்டு வந்த 'ஜெர்மினல்' நாவல் சுரங்கத் தொழிலாளிகளின் கதை. 1898-ல், உளவாளி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரி டிரைஃபசுக்காக நாட்டின் ஜனாதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். அதற்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. லண்டனுக்குத் தப்பிப் போய், மறு ஆண்டு திரும்பினார். கொலை மிரட்டல்கள் வந்துகொண்டே இருந்தன.

கடைசியில் அவர் உயிரைக் கொண்டுபோனது அவர் படுக்கையறைக் கணப்பு.

1902 செப்டம்பர் 28. ஜோலாவும் மனைவி அலெக்ஸாண்டிரினும் கோடைகால வீட்டிலிருந்து பாரிஸ் வீட்டுக்குத் திரும்பினார்கள். குளிராக இருந்ததால் படுக்கையறைக் கணப்பில் கரி மூட்டப்பட்டது. ஜன்னல்கள் மூடியிருந்தன, கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

நடு இரவில் அலெக்ஸாண்டிரின் தலைவலியோடும் குமட்டலோடும் விழித்தார். ஜோலாவுக்கும் உடம்பு சரியில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். வேலைக்காரர்களை எழுப்பலாமா என்று மனைவி கேட்டதற்கு, தூங்குகிறவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், காலையில் சரியாகிவிடும் என்று தடுத்துவிட்டார். பிறகு ஜன்னலைத் திறக்க எழுந்தவர் அங்கேயே விழுந்தார். காலையில் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். ஜோலா தரையில் கிடந்தார், உயிர் இல்லை. மனைவி கட்டிலில் நினைவிழந்து கிடந்தார்.

ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதுதான் சரியான யோசனை, ஆனால் அதற்குள் கால்களில் தெம்பு போய்விட்டது. கார்பன் மோனாக்சைடின் வேலை இதுதான். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று வருவதால் அஜீரணம் என்றே தோன்றும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் தேடிக்கொண்டிராமல் எல்லோரும் முதலில் வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பாரிஸ் கணப்பு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பிளாக்கிலேயே ஒரு வீட்டில், பாத்ரூமுக்குள் கேஸ் கீசர். மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய துணி அடைத்திருந்தார்கள். கொசு வருகிறதாம்! கரண்ட் கீசரில் இந்த வாயு வராது. கேஸ் கீசரில் வரும். அதைக் குளியலறைக்கு வெளியே, புகை நேராக வெளியே போகும்படி மாட்ட வேண்டும். கொசுவுக்கு வலை அடித்தால் போதும்.

ஜோலா வீட்டில் விசாரணை நடந்தது. அதே அறையில் மறுபடி கணப்பு மூட்டி, கினிப்பன்றிகளை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவை சாகவில்லை. விபத்து என்று முடிவு சொன்னார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1953-ல், ஒரு பாரிஸ் நாளிதழ் வேறு கதை சொன்னது. பக்கத்து வீட்டுக் கூரையில் வேலை செய்த ஒருவர் வேண்டுமென்றே புகைபோக்கியை அடைத்து, மறுநாள் காலை அடைப்பை எடுத்துவிட்டதாகச் சாவதற்கு முன் ஒப்புக்கொண்டாராம். இன்றுவரை நிரூபணம் இல்லை.

அலெக்ஸாண்டிரின் பிழைத்துக்கொண்டார். 1908-ல் கணவரின் உடல் பாரிசின் பாந்தியன் மண்டபத்துக்கு அரசு மரியாதையோடு மாற்றப்பட்டபோது இருந்தார். 1925 வரை வாழ்ந்தார்.